கிளேர்வோ பேர்ணாட்டும் வெண்ணுடைத் துறவியரும்

சமய வரலாற்றை ஆராய்வோர்முன் யாண்டும் எழுவதொரு வினா உண்டு. ஒரு துறவிச் சபையை வளர்ப்பது அதன் சட்டமா, அன்றி அதனுட் புகுந்த ஒரு பெரியாரின் ஆளுமையா? சட்டம் இன்றேல், பெரியார் மறைந்ததும் சபை சிதையும். பெரியார் இன்றேல், சட்டம் ஏட்டளவில் நின்றுவிடும். ஆயின், அப்பெரியாரின் ஆளுமை சட்டத்தினும் மேலோங்கி நிற்குமாயின் சபைக்கு விளைவது நன்மையா, தீமையா என்பது எளிதில் விடைகாணத் தக்கதன்று. ஐரோப்பிய இடைக்கால வரலாற்றில் இவ்வினாவுக்குத் தக்க எடுத்துக்காட்டாக விளங்குவது, கிளேர்வோ மடத்தின் அதிபரான புனித பேர்ணாட்டுக்கும் (1090 - 1153) சிசுற்றேசியச் சபைக்கும் இடையே நிலவிய தொடர்பாகும்.

சபையின் தோற்றம்

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டிலே புனித பெனடிற்று வகுத்த ஒழுக்கவிதியே மேலைத்தேயத் துறவியருக்கு அடிப்படை நூலாயிற்று. வழிபாடு, உடலுழைப்பு, திருநூற் பயிற்சி ஆகிய மூன்றையும் அது ஒருநாட் பொழுதினுள் அளவறிந்து பங்கிட்டது. காலப்போக்கில் இச்சமநிலை குலையலாயிற்று. 910ஆம் ஆண்டளவில் பிரான்சு தேசத்துப் பேகண்டிப் பகுதியில் நிறுவப்பெற்ற கிளூனி மடம், இரு நூற்றாண்டுகளுள் நூற்றுக்கணக்கான மடங்களுக்குத் தாயாகி வளர்ந்தது. அங்கே வழிபாடு நீண்டு விரிந்து நாளின் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டது, உழைப்பு அருகியது. காணிக்கையும் நிலவருவாயும் பெருகின. 1088ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கிளூனியின் மூன்றாம் பேராலயம் அக்காலக் கிறித்தவ உலகிலே தனக்கு நிகரில்லாததாய் ஓங்கியது.

இச்செழிப்பைக் கண்டு உளம் நிறைவுறாத துறவியர் சிலர் இருந்தனர். மொலேம் மடத்தின் அதிபராகிய றொபேட் என்பார், விதியை எழுத்துப் பிசகாது கைக்கொள்ள விழைந்த துறவியர் சிலருடன் 1098ஆம் ஆண்டில் டீஜோன் நகருக்குத் தெற்கேயுள்ள சீற்றோ என்னும் சதுப்புக் காட்டினை அடைந்து புதுமடம் ஒன்றை அமைத்தார். மறு ஆண்டிலேயே மேலிடத்துக் கட்டளைப்படி அவர் மொலேமுக்கு மீளவேண்டியதாயிற்று. அவருக்குப்பின் அல்பெரிக்கும், அவரையடுத்து ஆங்கிலேயரான ஸ்தீபன் ஹாடிங்கும் சீற்றோவை நடத்தினர். சாயமேற்றாத கம்பளியாடை அணிந்தமையால் இவர்கள் வெண்ணுடைத் துறவியர் எனப்பட்டனர். கிளூனித் துறவியர் கருநிற உடையினர்.

ஸ்தீபன் ஹாடிங் நிருவாகத் திறன் மிக்கவர். அவர் காலத்தில் உருவான ‘அன்பின் சாசனம்’ என்னும் அமைப்புச் சட்டத்தைப் பாப்பரசர் இரண்டாம் கலிஸ்ரசு 1119ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தினார். இன்று கிடைக்கும் சாசனபாடம் படிப்படியாக வளர்ந்ததென்பது ஆய்வாளர் கொள்கை. எனினும் அதன் உட்கருத்துத் தெளிவானது. கிளூனியிலே தலைமை மடத்தின் அதிபர் ஒருவரே எல்லா மடங்கட்கும் அரசர் போன்றவர். சிசுற்றேசியச் சபையிலோ ஒவ்வொரு மடமும் தன் அதிபரைத் தானே தெரிந்துகொள்ளும். தாய்மடத்தின் அதிபர் ஆண்டுக்கொருமுறை சேய்மடத்தைச் சென்று பார்வையிடுவார். அதிபர் யாவரும் ஆண்டுதோறும் சீற்றோவிற் கூடிப் பொதுமகாசபையாக இருந்து குறைகளைத் திருத்துவர். சேய்மடத்திடம் தாய்மடம் திறை பெறுதல் ஆகாது. இங்ஙனம் தனிமனிதர் ஆட்சிக்கு இடமளியாது, ஒத்த ஒழுக்கத்தாலும் கூட்டுப் பொறுப்பாலும் பிணிக்கப்பட்டதொரு சபையை ஸ்தீபன் கண்டார். அச்சபையினுள்ளேதான் தனிமனிதருள் தலைசிறந்த ஒருவர் வந்து புகுந்தார்.

பேர்ணாட்டின் வருகை

டீஜோனுக்கு அணித்தான பொந்தேன் கோட்டையில் வீரர் குடியொன்றிலே பிறந்த பேர்ணாட், 1113ஆம் ஆண்டளவில் உடன்பிறந்தாரும் உறவினரும் நண்பருமாக ஏறத்தாழ முப்பதின்மருடன் சீற்றோவின் வாயிலை அடைந்தார். அன்று அம்மடம் மாளுந் தறுவாயிலிருந்தது என்றும், பேர்ணாட்டே அதற்கு உயிரளித்தார் என்றும் மரபுவழிக் கதை கூறும். ஆயின், சீற்றோவின் முதற் சேய்மடமாகிய லா பேர்ட்டே 1113ஆம் ஆண்டு மே மாதத்திலேயே நிறுவப்பெற்றது. புதிதாய் வந்தோரைக் கொண்டு அத்துணை விரைவில் ஒரு மடத்தை அமைத்தல் அரிதாகலின், சீற்றோ அவர் வருமுன்னரே வளரத் தொடங்கிவிட்டது எனக் கொள்ளுதல் பொருந்தும். வித்து முன்னரே முளைத்திருந்தது. பேர்ணாட் அதற்கு மழையாயினார் என்பதே சரியான கூற்றாகும்.

1115ஆம் ஆண்டில், இருபத்தைந்து வயதே நிரம்பிய பேர்ணாட் பன்னிரு துறவியருடன் அனுப்பப்பட்டுக் கிளேர்வோ மடத்தை நிறுவினார். ‘ஒளிமிகு பள்ளத்தாக்கு’ என்பது அப்பெயரின் பொருள். தொடக்கத்தில் வறுமை மிகக் கடியதாயிருந்தது. அதிபரோ, வறுமையினுங் கடிய நோன்புகளை மேற்கொண்டு தம் உடலை நலிவித்தார். சாலோன் நகர் ஆயரான வில்லியம் தலையிட்டு, ஓராண்டுக் காலம் மடத்துக்கு வெளியே ஒரு குடிசையில் அவரை ஓய்ந்திருக்கச் செய்யவேண்டியதாயிற்று. இரைப்பை நோய் அவரை வாழ்நாள் முழுதும் விட்டகலவில்லை. இளமையிற் செய்த மிகைநோன்பினால் இறைபணிக்குரிய உடலைக் கெடுத்தமைக்காகப் பிற்காலத்தில் அவர் தம்மையே நொந்துகொண்டார் என அவர் வரலாற்றை எழுதிய நண்பர் குறிப்பிடுகின்றார்.

சபைக்கு அவர் அளித்தவை

பேர்ணாட் சபைக்கு அளித்தவற்றுள் முதலாவது, ஆட்பெருக்கம். சிசுற்றேசியர் சிறுவரை மடத்தில் ஏற்பதில்லை. அறிவறிந்து தாமே வருவோரையே ஏற்பர். ஆகவே வளர்ந்த மனிதரின் உள்ளத்தை மாற்றவல்ல சொல்வன்மை அச்சபைக்கு இன்றியமையாததாயிற்று. அவ்வன்மை பேர்ணாட்டிடம் நிரம்ப இருந்தது. 1140ஆம் ஆண்டளவில் அவர் பாரிசு நகர மாணவரிடையே ஆற்றிய மறையுரை பலரைக் கிளேர்வோவுக்கு ஈர்த்தது. அவருள் ஒருவர், பேரறிஞர் அபேலாட்டின் மாணவராயிருந்த ஓசேர் நகர் ஜெப்ரி. பின்னர்ப் பேர்ணாட்டின் செயலாளராகவும் வரலாற்றாசிரியராகவும் விளங்கியவர். பேர்ணாட் இறந்த ஆண்டில் சபைக்கு உரிய மடங்கள் ஏறத்தாழ 340. அவற்றுட் பாதிக்குச் சற்றே குறைந்தவை கிளேர்வோவின் வழித்தோன்றல்கள். இங்கிலாந்திலே றீவோ (1132), அயர்லாந்திலே மெலிபொன்ற் (1142) ஆகியன கிளேர்வோவின் நேர்ச் சேய்களாம்.

இரண்டாவது, சபைக்கெனத் தனியொரு சுவையை வகுத்தமை. 1125ஆம் ஆண்டளவில் தம் நண்பர் வில்லியம் என்பாரின் வேண்டுகோட்கிணங்க எழுதிய ‘விளக்கம்’ என்னும் நூலிலே, ஆலயச் சுவர்களுக்குப் பொன்போர்த்தி ஏழையரை ஆடையின்றி விடுதல் தகுமா என அவர் வினவுகின்றார். மடத்து முற்றத் தூண்களிலே கோர விலங்குருவங்களைச் செதுக்குவதனாற் படிக்கும் துறவியின் கருத்துச் சிதறும் என்பதும் அவர் வாதம். இந்நூல் கிளூனியை மட்டுமே சாடியதென்பர் சிலர். அது முற்றிலும் சரியன்று. பிறர் குறையைத் தூற்றித் தம்மை உயர்ந்தோராகக் கருதிய தம் சபைத் துறவியரையே அவர் முதற்கண் கண்டிக்கின்றார்.

இதன் விளைவை ஏடுகளிலும் கட்டடங்களிலும் காணலாம். ஸ்தீபன் ஹாடிங் காலத்திற் சீற்றோவில் எழுதப்பெற்ற திருநூற் பிரதிகள் வண்ண ஓவியங்களாற் பொலிந்தவை. பின்னரோ, எழுத்துக்கள் ஒரே நிறத்தனவாய் உருவமின்றி அமைதல் வேண்டும் எனச் சபை விதித்தது. 1118ஆம் ஆண்டில் கிளேர்வோவின் சேயாகத் தோன்றிய பொந்தெனே மடத்து ஆலயம் இன்றும் நிலைத்துள்ளது. கோபுரமோ, சிற்பத்தின் ஆரவாரமோ அதன்கண் இல்லை. கல்லும், அளவும், ஒளியுமே அதன் அணிகள். மறுத்தலினின்றே ஓர் அழகு பிறந்தது.

மூன்றாவது, உள்ளத்து வாழ்வுக்கு அவர் வகுத்த மொழி. 1135ஆம் ஆண்டிலே தொடங்கி இறுதிவரை அவர் ‘உன்னத சங்கீதம்’ பற்றி எழுதிய 86 மறையுரைகள், ஆன்மாவுக்கும் இறைவனுக்கும் இடையேயுள்ள உறவை மணமகள் மணமகன் காதலாகக் கண்டு விரிப்பன. எட்டு மறையுரைகளைக் கடந்தும் நூலின் முதல் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே நிற்கும் அளவுக்கு அவை ஆழ்ந்து செல்வன. 86 முடிந்தபோதும் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தையே எட்டியிருந்தன. கடும் உழைப்பையும் மௌனத்தையும் விதித்த சபைக்கு, அவ்வுழைப்பும் மௌனமும் எதன்பொருட்டு என்பதை இவ்வுரைகளே உணர்த்தின. சட்டத்தை ஸ்தீபன் தந்தார். அச்சட்டத்தை விரும்பி ஏற்கும் நெஞ்சத்தைப் பேர்ணாட் தந்தார்.

முரண்பாடு

எனினும் நாணயத்துக்கு மறுபுறமும் உண்டு. உலகை ஒதுக்கிக் காடு புகுந்தது சபை. அதன் தலைசிறந்த துறவியோ உலகின் நடுவே நின்றார். 1130ஆம் ஆண்டிலே பாப்பரசர் பதவிக்கு இருவர் உரிமை கோரியபோது, இரண்டாம் இன்னொசென்றுக்காக ஏறத்தாழ எட்டாண்டுகள் பிரான்சிலும் இத்தாலியிலும் அலைந்தார். சென்ஸ் நகரச் சங்கத்தில் அபேலாட்டின் கருத்துக்கள் கண்டிக்கப்படுதற்கு அவரே முன்னின்றார். 1145ஆம் ஆண்டில் அவர்தம் மாணாக்கராயிருந்த துறவி ஒருவரே மூன்றாம் யூசின் என்னும் பெயருடன் பாப்பரசரானார். 1146ஆம் ஆண்டில் வெசலே நகரிலே பிரெஞ்சு மன்னர் ஏழாம் லூயியின் முன்னிலையில் இரண்டாம் சிலுவைப் போரை முழங்கினார். அதேவேளை, றைன் நதிக்கரையில் யூதரைக் கொல்லுமாறு மக்களைத் தூண்டிய துறவி ஒருவரை நேரிற்சென்று அடக்கினார் என்பதும் மறக்கத்தக்கதன்று. அப்போர் 1148ஆம் ஆண்டில் தமாஸ்கு நகரின் வெளியே பெருந்தோல்வியில் முடிந்தது. பழி பேர்ணாட்டின்மேல் விழுந்தது.

இப்பெருமையின் விலையைச் சபையும் கொடுத்தது. இங்கிலாந்தில் யோர்க் பேராயர் பதவி பற்றி எழுந்த பூசலில் பேர்ணாட் ஒரு பக்கஞ் சார்ந்தார். அவர் விரும்பிய ஹென்றி மேர்டாக், பவுண்டன்ஸ் மடத்தின் அதிபர், 1147ஆம் ஆண்டிற் பேராயரானார். ஆயின் எதிர்க்கட்சியினர் சினங்கொண்டு பவுண்டன்ஸ் மடத்துட் புகுந்து தீயிட்டனர். அதே 1147ஆம் ஆண்டிலே சவிஞி என்னும் பிறிதொரு சபை தன் மடங்களுடன் கிளேர்வோவின் வழியிற் சேர்த்துக்கொள்ளப்பட்டது. அம்மடங்கள் ஆலய வருவாய், தசமபாகம் முதலியவற்றை உடையன. அவ்வருவாய்களைத் துறந்தமையே சிசுற்றேசியரின் தனிச்சிறப்பு. எனினும் அவற்றை வைத்திருக்கப் புதியோருக்கு இடமளிக்கப்பட்டது. பெருக்கத்தின்பொருட்டு விதி முதன்முறை வளைந்தது. 1152ஆம் ஆண்டிற் புதிய மடங்களை நிறுவலாகாது எனப் பொதுமகாசபை தீர்மானித்தமை, வளர்ச்சியின் வேகம் சபையையே அச்சுறுத்தியமைக்குச் சான்றாகும். அத்தீர்மானம் நெடுநாள் நிலைக்கவில்லை.

பேர்ணாட் இம்முரண்பாட்டை உணராதவரல்லர். தாம் துறவியுமல்லாது உலகியலாருமல்லாது இரண்டுங்கெட்ட வாழ்வு வாழ்வதாகக் கடிதமொன்றில் வருந்துகின்றார். பாப்பரசர் யூசினுக்கு எழுதிய ‘சிந்தனை’ என்னும் நூலில், பிறர் கருமங்களிலேயே மூழ்கித் தம்மை மறந்துவிடலாகாது என அறிவுறுத்துகின்றார். அவ்வறிவுரை பாப்பரசருக்கு மட்டுமன்றி எழுதியவருக்கும் பொருந்துவது. ஆயர் பதவிகள் பல தேடி வந்தபோதும் அவர் ஏற்றிலர். சபையின் தாய்மடமான சீற்றோவுக்கும் அவர் அதிபரானதில்லை. சட்டப்படி அவர் சேய்மடமொன்றின் அதிபரே. அவர் செலுத்திய அதிகாரம் சாசனத்தில் எழுதப்படாத அதிகாரம்.

பின்னர் நிகழ்ந்தவை

1153ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20ஆம் நாள் பேர்ணாட் கிளேர்வோவில் உயிர்நீத்தார். 1174ஆம் ஆண்டில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. சபை தொடர்ந்து பரவியது. எழுத்தறியாத உழைப்புச் சகோதரர்களின் கரங்களாற் காடுகள் வயல்களாயின, மந்தைகள் பெருகின, ஆங்கில நாட்டு மடங்களின் கம்பளி தூரதேசச் சந்தைகளை எட்டியது. வறுமையைத் தேடிச் சென்றவர்களை அவர்தம் உழைப்பே செல்வராக்கியது. 1209ஆம் ஆண்டில் தென்பிரான்சின்மேற் சென்ற சிலுவைப் படைக்குப் பாப்பரசரின் தூதராய் முன்சென்றவர் சீற்றோவின் அதிபரே. துறவி உலகக் கருமத்திற் புகுவதற்குப் பேர்ணாட் காட்டிய முன்மாதிரி, அவர்தம் தவமும் தன்னலமறுப்பும் இல்லாதார் கையில் எவ்வாறு திரிந்தது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

பின்னைய நூற்றாண்டுகளிற் சபை தளர்ந்தது. ஆயின் தளர்ந்தபோதெல்லாம் திருத்த முனைந்தோர் நோக்கியது தொடக்ககாலச் சீற்றோவையும் கிளேர்வோவையுமே. பதினேழாம் நூற்றாண்டில் லா திறாப் மடத்தில் றான்சே என்பார் தொடங்கிய சீர்திருத்தம் அத்தகையது. அவ்வழி வந்த துறவியருள் ஒருவரான பிரான்சிஸ் மகியூ, 1958ஆம் ஆண்டில் கேரளத்து வாகமண் மலைப்பகுதியிலே குரிசுமலை ஆச்சிரமத்தை நிறுவினார். காவியுடையும் நிலத்துழைப்பும் மௌனமும் அங்கே ஒன்றாயின. 1998ஆம் ஆண்டில் அவ்வாச்சிரமம் சிசுற்றேசியச் சபையின் மடமாக ஏற்கப்பட்டது. கிளேர்வோவின் கதி வேறாயிற்று. பிரெஞ்சுப் புரட்சியில் மடம் கலைக்கப்பட்டது. 1808ஆம் ஆண்டில் அரசு அதைச் சிறைச்சாலையாக்கியது. 2023ஆம் ஆண்டுவரை அது சிறையாகவே இருந்தது.

முடிபு

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இவ்வரலாறு தரும் விடை யாது? பேர்ணாட் இன்றேல் சீற்றோ பேகண்டியின் நன்மடங்களுள் ஒன்றாய் நின்றிருக்கும். ஐரோப்பா முழுதும் பரந்த சபையாய் அத்துணை விரைவில் வளர்ந்திராது. ஸ்தீபனின் சாசனம் இன்றேல், பேர்ணாட் திரட்டிய பெருங்கூட்டம் அவர் கண்மூடியதும் கலைந்திருக்கும். ஆளுமை வளர்த்தது; சட்டம் காத்தது. ஆயின், வளர்த்த ஆளுமையே சபையைத் தனிமையினின்றும் வெளியே ஈர்த்தது என்பதும் உண்மை. பெரியாரின் பெருமையைப் போற்றுவோர் அவரிடம் கற்கத்தக்கது ஒன்றும் காக்கத்தக்கது ஒன்றும் உண்டென்பதை மறத்தலாகாது. பேர்ணாட்டின் புகழ்மிக்க செயல்களாகிய பாப்பரசர் பூசலும் சிலுவைப் போரும் காலத்தோடு கழிந்தன. பொந்தெனே ஆலயத்தின் வெறுங்கற்களிற் படியும் ஒளியும், இறையன்பு பற்றி அவர் முடிக்காது விட்ட மறையுரைகளும் கழியவில்லை. உலகை ஆட்டிய பேர்ணாட்டினும், பள்ளத்தாக்கில் இருந்து பேசிய பேர்ணாட்டே தம் சபையுள் நீடு வாழ்ந்தார்.