கேள்விக்குறி அச்சடித்த கணினி

சென்சார் சொல்றதை நம்பலாமான்னு யாராவது கேட்டா, நான் எப்பவும் சொல்ற கதை திரீ மைல் ஐலண்ட் தாங்க. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், 1979 மார்ச் 28 விடிகாலை 4 மணி. இரண்டாவது அணு உலையில் அழுத்தம் குறைக்கத் திறந்த வால்வு மூடிக்கவே இல்லை. குளிர்விக்கிற தண்ணி வெளியேறிக்கிட்டே இருந்தது.

உலைக்குள்ளே 52 தெர்மோகப்பிள் இருந்தது. ரெண்டு வேற வேற உலோகக் கம்பியோட முனையைச் சேர்த்துச் சூடாக்கினா சில மில்லிவோல்ட் வரும். சூடு ஏற ஏற அதுவும் ஏறும். அதை வெப்பநிலையா மாத்தி அச்சடிக்கறது கணினியோட வேலை. ஆனா 700 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினா, எண்ணுக்குப் பதிலா கேள்விக்குறிதான் அடிக்கும். அப்படித்தான் அமைச்சிருந்தாங்க!

டெக்னீஷியன்கள் கம்பியிலேயே மீட்டரை வச்சு அளந்தாங்க. சிலது 200 சொச்சம், சிலது 2000க்கும் மேல. இப்படி முன்னுக்குப் பின் முரணா இருக்கேன்னு மேலே இருந்தவங்க ஒதுக்கிட்டாங்க. பல வருஷம் கழிச்சு உள்ளே பார்த்தப்பதான் தெரிஞ்சது, எரிபொருளில் சுமார் பாதி உருகியிருந்தது.

என்னைக் கேட்டா, அன்னைக்கு அந்தச் சின்னக் கம்பிகள் தன் கடமையைச் சரியாத்தான் செஞ்சது. எது வரைக்கும் காட்டணும்னு கோடு போட்டது மனுஷன். விபத்து நடந்ததோ அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்.