ஒரு கோல் தோல்வி

நாலு கோல் வாங்கித் தோற்ற ஆட்டத்தைப் பற்றி யாரும் நெடுநேரம் பேசுவதில்லை. 1981-ல் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிலாங்கூர் எங்களை 4-0 என்று அடித்தபோது, சொங் பாங் கோப்பிக் கடையில் கோப்பி ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. 1975-ல் அதே சிலாங்கூரிடம் 1-0 என்று தோற்றோம். அந்தப் பேச்சு எனக்குத் தெரிந்த சிலரிடம் இன்னும் ஓயவில்லை. வெளியூர் மண்ணில் ஒரே ஒரு கோலில் தோற்றுவிட்டு, அதை வருடக்கணக்காக வாதாடிக்கொண்டிருந்த ஒரு சிங்கப்பூர் இருந்தது. அதை எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு நீண்ட நாள் ஆசை.

அப்போது நான் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். அப்பா பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். பெரியப்பா கிள்ளானில் ரப்பர் தோட்டத்தில் தங்கிவிட்டார். ஒரே ஊரிலிருந்து கப்பலேறி வந்த அண்ணன் தம்பிகள். ஒருவர் பிள்ளைகள் சிலாங்கூர் ரசிகர்கள், இன்னொருவர் பிள்ளைகள் சிங்கப்பூர் ரசிகர்கள். எங்கள் குடும்பம் மட்டும் இப்படி இல்லை. ஜோகூர் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு என்று பிரிந்து கிடந்த தமிழ்க் குடும்பங்கள் அந்தக் காலத்தில் ஏராளம். 1965-ல் நாடு பிரிந்தது, 1967-ல் பாலத்தில் கடப்பிதழ் சோதனை வந்தது. ஆனால் காற்பந்து பிரியவில்லை. தனி நாடாகிவிட்ட சிங்கப்பூர், மலேசியாவின் மாநிலங்களோடு ஒரு மாநிலத்தைப் போலவே நின்று மலேசியக் கிண்ணத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது.

அந்தக் கிண்ணத்தின் பிறப்பும் ஒரு கப்பலில்தான். மலாய் மாநிலங்களின் பணத்தில் கட்டி பிரிட்டனுக்குக் கொடுக்கப்பட்ட போர்க்கப்பல் 'மலாயா'. 1916-ல் ஜட்லாண்டு கடற்போரில் சண்டையிட்டது. 1921-ல் இந்தப் பக்கம் வந்தபோது கிடைத்த வரவேற்புக்கு நன்றியாக அதன் மாலுமிகள் கிண்ணம் வழங்கினார்கள். அதே ஆண்டு நடந்த முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 என்று வென்றது. ஆடிய இடம் கோலாலம்பூர். ஆக, இந்தப் போட்டியில் ஒரு கோல் வித்தியாசத்தில் இறுதியாட்டத்தைப் பறிகொடுத்து, வீட்டுக்குப் போய் வாதாடியிருக்க வேண்டிய முதல் ஊர் சிலாங்கூர்தான். பெரியப்பா மகனிடம், என் கிள்ளான் அண்ணனிடம், இதை எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது.

எங்கள் அப்பா காலத்து ரசிகர்களுக்கு ஜாலான் புசார் அரங்கம்தான் கோயில். 1929-ல் திறந்தது, சின்னது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் மரத்தில் ஏறிக்கூடப் பார்த்தார்கள். 1973-ல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் திறந்தது. 55,000 பேர் கொள்ளும். அங்கே எழுந்த கூச்சலுக்குக் காலாங் முழக்கம் என்றே பெயர் வந்தது. நடுவர் ஒரு தவறு செய்தால் போதும், தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் ஒரே குரலில் "ரெஃப்ரி காயு!" என்று கத்துவோம். மரக்கட்டை நடுவர்! ஊருக்குள் ஆட்டம் என்றால் அந்தக் கூச்சலிலேயே பாதிக் கோபம் தீர்ந்துவிடும். இறுதியாட்டம் மட்டும் கோலாலம்பூர் மெர்டேகா அரங்கத்தில். அங்கே நாங்கள் விருந்தாளிகள்.

இரவு ரயிலிலும் வாடகைக்குப் பிடித்த பேருந்திலும் போனவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் தொலைக்காட்சிக்கு முன்னால். தோற்று வந்த பிறகு நடந்த வாதங்களுக்கெல்லாம் வேர் இந்த வித்தியாசம்தான் என்பது என் முடிவு. உள்ளூரில் தோற்றால் எல்லாரும் கண்ணால் பார்த்தவர்கள், பேச அதிகம் இல்லை. வெளியூரில் தோற்றால் பார்த்தவன் ஒரு கட்சி, பார்க்காதவன் ஒரு கட்சி. கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். பந்து இல்லாத இடத்தில் யார் நின்றார், யார் திரும்பி ஓடாமல் இடுப்பில் கைவைத்துக்கொண்டார் என்பது அரங்கத்தில் இருந்தவனுக்குத்தான் தெரியும்.

1975 இறுதியாட்டத்துக்குப் பிறகு முதல் வேலை நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பட்டறை கேன்டீனில் மதியச் சாப்பாடு. நீண்ட பலகை மேசை. எங்கள் ஃபோர்மேன் மலையாளி, ஆட்டத்துக்கு நேரில் போய் வந்தவர். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள், தொண்டை கட்டிப்போயிருந்தது. அவர் எதிரே ஒரு மலாய்க்கார வெல்டர், பக்கத்தில் ஒரு சீன ஃபிட்டர். மேசை மேலே உப்புப் புட்டி, மிளகாய் சாஸ் புட்டி, டீ கிளாஸ். ஃபோர்மேன் அவற்றை நகர்த்தி ஆட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். உப்புப் புட்டி நம்ம நடுக்களம், சாஸ் புட்டி சிலாங்கூரின் மொக்தார் டஹாரி.

"நம்ம பசங்க பந்தைச் சுத்திச் சுத்திக் கொடுக்கிறாங்க. அடிக்கணும்ல? அடிச்சாதானே கோலு!" என்றார்.

வெல்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பேசியது பசார் மலாய், சாரம் இதுதான்: பாஸ் நல்லாத்தான் இருந்தது, கால் தளர்ந்துபோச்சு, தொண்ணூறு நிமிஷம் ஓட இவங்களுக்கு மூச்சு இல்லை. ஃபிட்டருக்கு இரண்டுமே காரணம் இல்லை, ஆளெடுப்பில்தான் கோளாறு. நான் சின்னப் பையன், சும்மா இருந்திருக்கலாம். "மொக்தாரை விடுங்கண்ணே, நம்ம ராஜகோபால் பக்கம் பந்து போச்சா? டிவில பார்த்தேனே" என்று வாயை விட்டேன். ஃபோர்மேன் சாஸ் புட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, நீ டிவில பார்த்தே. நான் அங்க இருந்தேன்."

அதோடு அந்த வாதம் முடிந்தது. அன்றைக்கு மட்டும்.

எஸ். ராஜகோபாலை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். விங்கில் ஆடியவர். கார்னரிலிருந்து அவர் அடிக்கும் பந்து வாழைப்பழம்போல வளைந்து கோலுக்குள் போகும். 'பனானா கிக்' என்றாலே ஊரில் அவர் பெயர்தான். பந்தோடு இடுப்பை ஆட்டி எதிராளியை ஏமாற்றும் டோலா காசிமுக்கு 'கெலெக் கிங்' என்று பட்டம். தடுப்பில் சமட் அல்லாபிச்சை. குவா குடும்பத்தில் அண்ணன் தம்பி எல்லாருமே காற்பந்துக்காரர்கள், அதில் குவா கிம் சோங் அத்தனை வேகம். இவர்கள் யாரும் காற்பந்தை மட்டும் நம்பிப் பிழைத்தவர்கள் இல்லை. பகலில் வேலை, மாலையில் பயிற்சி. அதனால்தான் எங்கள் விமர்சனத்தில் உரிமையும் இருந்தது, கொஞ்சம் இரக்கமும் இருந்தது. நாளைக்குப் பேருந்தில் பக்கத்தில் வந்து உட்காரக்கூடிய ஆளை எவ்வளவுதான் திட்ட முடியும்?

எங்கள் வீட்டில் வாதத்துக்கு இன்னொரு முனை உண்டு. எழுபதுகளில் சிலாங்கூரின் கோல் காத்தவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகள், 'ஸ்பைடர்மேன்' என்பார்கள். மலேசியாவின் தேசியக் குழுவுக்கும் அவர்தான் கோல் காத்தார். எங்கள் பக்கம் அடித்த பந்தை அவர் தாவிப் பிடிக்கும்போது அப்பா தலையில் அடித்துக்கொள்வார். அம்மா சமையலறை வாசலில் நின்று, "பிடிக்கட்டுமே, அதுவும் நம்ம புள்ளதானே" என்பார். 1988-ல் ஆறுமுகம் கார் விபத்தில் இறந்த செய்தி வந்தபோது அம்மா அழுதார். எதிர்க்குழு ஆட்டக்காரருக்காக எங்கள் வீட்டில் அழுதது அந்த ஒரு முறைதான்.

வெல்டர் சொன்ன மூச்சுப் பிரச்சினைக்கு வருகிறேன். 1976-லும் இறுதியாட்டம், அதே சிலாங்கூர், இந்த முறை 3-0. பிறகு 1977-ல் குழு 'அங்கிள்' சூ செங் குவீ கையில் இருந்தது. முன்பு மலாயாவின் குழுவுக்கும் பயிற்சி கொடுத்தவர் அவர். கண்டிப்புக்குப் பேர்போனவர், நாட்டுக்காக ஆடுகிறோம் என்ற எண்ணத்தைப் பையன்கள் மண்டையில் ஏற்றுவார், உடம்பை வாட்டி எடுப்பார். அந்த ஆண்டு இறுதியாட்டத்தில் பினாங்கு. தொண்ணூறு நிமிடத்தில் முடியவில்லை, கூடுதல் நேரம் போயிற்று. குவா கிம் சோங் வெற்றி கோலைப் போட்டார், 3-2. சமட் கிண்ணத்தை வாங்கினார். 1965-க்குப் பிறகு கிண்ணம் வீடு வந்தது அப்போதுதான். கேன்டீனில் வெல்டர் ஒரு வாரம் தலை நிமிர்ந்து நடந்தார்: நூற்றிருபது நிமிடம் ஓடினார்களா இல்லையா! சூவுக்குப் பின்னாளில் ஒரு காலை எடுக்க வேண்டி வந்தது. 1983-ல் மறைந்தார். அவர் அளவுக்கு இந்த ஊர் ரசிகனின் மனசைப் படித்த பயிற்றுநர் வேறு யாரும் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

1975 முதல் 1981 வரை ஏழு ஆண்டும் சிங்கப்பூர் இறுதியாட்டத்தில் இருந்தது. வென்றது இரண்டு: 1977-ல் பினாங்கை, 1980-ல் சிலாங்கூரை 2-1 என்று. தோற்ற ஐந்தும் சிலாங்கூரிடம். கோப்பையைக் கொண்டுவந்த அணிகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். என் கணக்கில் ஊரைக் கட்டிப்போட்டது தோற்ற ஆண்டுகள்தான். வென்ற இரவில் கார் ஹாரன் அடித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவோம். தோற்ற பிறகுதான் மேசையில் உட்கார்ந்து ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டோம். வார இறுதியில் கிள்ளானிலிருந்து அண்ணனின் கடிதம் வரும். முதல் பாதி குடும்ப நலம், மறு பாதி எங்கள் குழு ஏன் தோற்றது என்று ஒரு விரிவுரை. பதில் எழுதாமல் விடமாட்டேன்.

1994-ல் ஷா ஆலாமில் பகாங்கை 4-0 என்று வென்றோம், அபாஸ் சாட் மூன்று கோல். அதுதான் கடைசி. டிக்கெட் வசூல் தகராறு, ஆட்டத்தை விற்ற ஊழல் என்று கசப்பு சேர்ந்து, அடுத்த ஆண்டு சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியது. சொந்த லீக் 1996-ல் வந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் தீவின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போய்த் தோற்றுவிட்டு வந்தால், எம்ஆர்டி ரயிலில் வீடு வந்து சேர்வதற்குள் பேச்சு அடங்கிவிடுகிறது. இளைஞர்கள் இப்போது லிவர்பூலுக்காகவும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்காகவும் விடிய விடிய வாதாடுகிறார்கள். அந்த ஊர்களில் அவர்களுக்குப் பெரியப்பா மகன் யாரும் இல்லை என்பதுதான் எனக்குக் குறை.

2012-ல் லயன்ஸ் டுவெல்வ் என்ற பெயரில் குழு மலேசிய லீக்குக்குத் திரும்பியது, 2013-ல் லீக்கையே வென்றது. என் தங்கை மகன் பேருந்து பிடித்து ஜோகூர் லார்க்கின் அரங்கத்துக்குப் போய்த் திரும்பி, தொண்டை கட்டிய குரலில் என்னோடு வாதாடினான். 2015-ஓடு அதுவும் நின்றது.

இன்று மிச்சம் சிலாங்கூர் சுல்தான் கிண்ணம், 2001-ல் தொடங்கிய நட்பு ஆட்டம். நட்பு ஆட்டத்தில் தோற்றால் அது தோல்வியே இல்லை என்கிறார் கிள்ளான் அண்ணன். சிங்கப்பூரும் சிலாங்கூரும் ஒரே திடலில் நின்றால் அதற்கு நட்பு ஆட்டம் என்று பெயரே கிடையாது என்கிறேன் நான். இப்போது கடிதம் இல்லை, வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. போன வாரம் குரல் பதிவில் மறுபடியும் 1975-க்கு வந்துவிட்டார். அன்றைக்கு அவர் மெர்டேகா அரங்கத்தில் இருந்தாராம், நான் டிவியில் பார்த்தேனாம். பதிலைப் பதிவு செய்து அனுப்பிவிட்டேன், கொஞ்சம் நீளமாகவே.