காணா ஒளி காட்டிய விண்மீன் பிறப்பு

ஹிஜ்ரி 353ஆம் ஆண்டளவில் (கி.பி. 964) பாரசீக அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, விண்மீன்கள் குறித்து 'ஸுவருல் கவாகிப்' எனும் அரபு நூலை யாத்தார். கிரேக்க அறிஞர் தாலமியின் பட்டியலே அவருக்கு அடிப்படை. ஆயினும் விண்மீன்களின் ஒளி அளவைத் தம் கண்ணால் கண்டே குறித்தார். தாலமியோடு வேறுபட்ட இடங்களில் தாம் கண்டதையே எழுதினார். ஆண்ட்ரோமீடா பகுதியில் சிறு மேகம்போல் மங்கித் தெரிந்த ஒன்றையும் பதிவுசெய்தார். அது நம் பால்வீதிக்கு அப்பாலுள்ள தனியொரு விண்மீன் மண்டலம் என்பது, 1920களில் எட்வின் ஹப்பிளின் ஆய்வால் உறுதியாயிற்று.

அஸ்ஸூஃபிக்குக் கண் ஒன்றே கருவி. கண்ணுக்குப் புலப்படாத ஒளியும் உண்டென்பதைப் பிற்காலமே அறிந்தது. 1801இல் ஜெர்மானிய அறிஞர் ரிட்டர், நிறமாலையில் ஊதாவுக்கு அப்பால், ஏதும் தெரியாத இடத்தில், வெள்ளி குளோரைடு மிக விரைந்து கறுப்பதைக் கண்டார். அதுவே புற ஊதாக் கதிர். இக்கதிரின் பெரும்பகுதியை வளிமண்டலம் தடுத்துவிடுவதால், விண்மீன்களின் புற ஊதா ஒளியை ஆராயக் கருவிகள் வான்வெளிக்கே செல்ல வேண்டியதாயிற்று. 1968இல் ஏவப்பட்ட 'ஓ.ஏ.ஓ.-2', 2003 முதல் 2013 வரை இயங்கிய 'கேலக்ஸ்' ஆகியன இவ்வழியில் குறிப்பிடத்தக்கவை.

நிறை மிகுந்த விண்மீன்கள் கடும் வெப்பத்தால் புற ஊதாவில் ஒளிர்ந்து, சில மில்லியன் ஆண்டுகளிலேயே மடிகின்றன. எனவே அவ்வொளி மிகுந்த இடத்தில் விண்மீன்கள் அண்மையில் பிறந்துள்ளன எனக் கொள்ளலாம்.

இவ்வளவுகோல் ஒரு பழைய புதிருக்குப் பயன்பட்டது. நூற்றுக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் சேர்ந்த கொத்துகளில் கோடிக்கணக்கான பாகை வெப்பமுள்ள வாயு நிறைந்துள்ளது. அது குளிர்ந்து நடுவே வீழ்ந்து, ஏராளமான விண்மீன்களை ஈன வேண்டும் என 1970களில் அறிஞர் கருதினர். ஆனால் பெரும்பாலான கொத்துகளின் நடுவே அத்தகைய பெரும் பிறப்பு தென்படவில்லை. மையக் கருந்துளையின் ஆற்றல் வாயுவைக் குளிரவிடாது காக்கிறது எனப் பின்னர் விளக்கம் பிறந்தது.

2012இல் வெளியான ஃபீனிக்ஸ் கொத்தின் ஆய்வு இதற்கொரு விலக்கைக் காட்டிற்று. ஏறத்தாழ 570 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அதன் நடு மண்டலத்தில், ஆண்டுக்குச் சுமார் 740 சூரிய நிறையளவுக்கு விண்மீன்கள் பிறப்பதாகக் கணித்தனர். நம் பால்வீதியிலோ அது ஒன்றிரண்டு சூரிய நிறையளவே. கேலக்ஸின் புற ஊதாப் பதிவும் இவ்வாய்வுக்குத் துணைநின்றது. 2013இல் வெளியான ஹப்பிள் தொலைநோக்கியின் புற ஊதாப் படங்கள், இளம் விண்மீன்கள் இழையிழையாய்ப் பரந்திருப்பதைக் காட்டின. தூசி மறைக்கும் ஒளியை ஈடுசெய்து கணிக்க வேண்டியிருப்பதால், பின்வந்த ஆய்வுகள் அவ்வெண்ணைக் கூட்டியும் குறைத்தும் திருத்தியுள்ளன.

இத்திருத்தங்களைக் குறையெனக் கருதுவோர் அஸ்ஸூஃபியை நினைவுகூர்தல் நலம். அவர் பெயரைச் சொல்லிப் பெருமைகொள்ளும் நாம், முன்னோர் எழுதியதை மதித்துக்கொண்டே மீண்டும் அளந்து பார்த்த அவருடைய வழக்கத்தைக் கைவிட்டோமாயின், அப்பெருமைக்கு உரியோர் ஆகமாட்டோம்.