பேசாமல் போன போன்



பார்வையற்றவர்களுக்குச் செல்போன் திரையை வாசித்துச் சொல்லும் செயலி ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். அது திடீரென்று ஊமையானால் என்ன செய்வது என்று பெரம்பலூர், அரியலூர் பக்கமிருந்து பழைய மாணவர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். வரலாற்று வாத்தியார் அல்லவா, கொஞ்சம் பின்னாலிருந்துதான் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசிப்பவர் வேறு, பேசுபவர் வேறு. 1980களில் கணினிக்குத் திரைவாசிப்பான் வந்தபோது குரல் ஒரு தனிப் பெட்டி. 1984இல் வந்த டெக்டாக் அப்படிப்பட்டது. மென்பொருள் எழுத்தைப் பொறுக்கி அனுப்பும், பெட்டி பேசும். வயர் கழன்றால் மென்பொருள் பாட்டுக்கு வேலை செய்யும், சத்தம் மட்டும் வராது. புனேயைச் சேர்ந்த டி.வி. ராமன் 14 வயதில் பார்வையை இழந்தவர். அவர் 1995இல் வெளியிட்ட ஈமேக்ஸ்பீக் அந்த டெக்டாக் பெட்டி வழியாகத்தான் பேசியது. பின்னாளில் கூகுளில் சேர்ந்து ஆண்ட்ராய்டைப் பேசவைத்தவர்களில் அவரும் ஒருவர். பெட்டி போய்விட்டது, பாகப்பிரிவினை அப்படியே இருக்கிறது. இன்றும் டாக்பேக் ஒரு செயலி, குரல் இன்னொரு செயலி.

தமிழுக்குக் குரல் கிடைத்தது தாமதமாகத்தான். 2009இல் ஆண்ட்ராய்டு 1.6 உடன் வந்த குரலுக்கு ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் தெரியும். தமிழ் தெரியாது. போதாக்குறைக்கு நம் எழுத்துருக்கள்! பாமினியில் தட்டிய ‘அம்மா’ கண்ணுக்கு அம்மா. கணினிக்கு அது எம், கே, செமிகோலன், கே, எச். 2010இல்தான் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. இ-ஸ்பீக் என்ற இலவசக் குரல் தமிழும் பேசியது, தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டியதுபோல. அதுவும் இல்லாதவருக்கு அதுவே அமுதம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அரியலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மாணவி, பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டாள். அவள் போன் பேசவில்லை. கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்யலாம் என்கிறாராம். காலமான அவள் அப்பாவின் குரல் பதிவு அந்தப் போனில்தான் இருக்கிறது.

“திரையைத் தொட்டால் அதிர்கிறதா?” என்று கேட்டேன். அதிர்கிறது. அப்படியானால் டாக்பேக் உயிரோடு இருக்கிறது. (டாக்பேக் ஓடும்போது ஒரு தொடுதல் தேர்ந்தெடுக்கும், இரண்டு தட்டினால்தான் திறக்கும். இது தெரியாமல் பார்வையுள்ளவர்கள் போன் கெட்டுவிட்டது என்பார்கள்.) அதிர்வும் இல்லையென்றால், ஒலியைக் கூட்டும் குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். புளூடூத் இயர்போன் எங்காவது இணைந்திருந்தால் குரல் அங்கே போய்விடும். ஆங்கிலம் வந்து தமிழ் மட்டும் வராவிட்டால் குரல் அமைப்பில் தமிழைத் தரவிறக்க வேண்டும். ஐபோனில் மூன்று விரலால் இரண்டு முறை தட்டினாலே பேச்சு நின்றுவிடும். மறுபடி அப்படியே தட்டினால் வந்துவிடும்.

ஆண்ட்ராய்டு 8 முதல், அதாவது 2017இலிருந்து, இந்தக் குரலுக்குத் தனி ஒலி அளவு உண்டு. ரிங்டோன் அலறினாலும் இது பூஜ்ஜியத்தில் கிடக்கலாம். ஒரு விரலைத் திரையில் நகர்த்திக்கொண்டே ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “சார், பேட்டரி 41 சதவீதம்னு சொல்லுது!”

இன்னொன்று. நம் வாட்ஸ்அப் குழுவில் பத்திரிகையும் இரங்கல் அறிவிப்பும் படமாகவே வருகின்றன. பல போன்களில் ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்பேக் நகர்ந்துவிடும். கீழே இரண்டு வரி தட்டிப் போடுங்கள். அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள்.