ஜெஸ் தின்ற பான்கேக்

அமெரிக்க எழுத்தாளர் காதரின் பேட்டர்சனோட மகனுக்கு ஒரு உயிர்த்தோழி, எட்டு வயசு. 1974-ல் மின்னல் தாக்கி இறந்துட்டா. அந்தத் துக்கத்துலேருந்து பிறந்ததுதான் 'பிரிட்ஜ் டு டெராபிதியா' நாவல் (1977). மறுவருஷமே நியூபெரி பதக்கம்.

ஆனா பெற்றோர் சிலர் கொதிச்சாங்க. ஆண்டவன் பேரை வசையா இழுக்குது, சின்னப் பசங்களுக்குச் சாவு எதுக்கு, பள்ளியிலேருந்து எடுன்னு. 1990-களில் அமெரிக்காவில் அதிகம் ஆட்சேபிக்கப்பட்ட புத்தகங்களில் முதல் பத்துக்குள் இதுவும் ஒண்ணு. துக்கத்துல இருக்கற குழந்தை கையில் இதையே கொடுத்தவங்களும் உண்டு.

நிற்க. கதையில் தோழி ஓடையில் மூழ்கிச் செத்த மறுநாள் காலை, ஜெஸ் பான்கேக் தின்பான். அக்கா குத்திக்காட்டுவா. எனக்கு அங்கேதான் தொண்டை அடைச்சது. தாத்தா போன அன்னிக்கு பக்கத்து வீட்ல நான் ஆறு இட்லி தின்னேன், மக்களே. அப்போ ஒன்பது வயசு. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை.