ஹல் துறைமுகத்து மீனவர்

ஒருவன் இருபது ஆண்டுகள் ஒரே தொழிலைச் செய்கிறான். ஆயினும் சட்டத்தின் கண்களுக்கு அவன் நிலையான தொழிலாளி அல்லன். இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஹல், கிரிம்ஸ்பி ஆகிய துறைமுகங்களின் மீனவர்க்கு நேர்ந்த நிலை இது. இதில் அரசாங்கத்திற்கு இருந்த பங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஐஸ்லாந்தைச் சூழ்ந்த குளிர்கடலில் காட் என்னும் மீனைப் பிடிப்பதற்கு இவர்கள் இழுவைக் கப்பல்களில் சென்றனர். பயணம் ஏறத்தாழ மூன்று வாரம். கரையில் தங்குவதோ மூன்று நாள். ஒவ்வொரு பயணத்திற்கும் புதிய ஒப்பந்தம் எழுதப்பட்டது. கப்பல் கரை சேர்ந்ததும் அது முடிந்தது. 1894ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம், ஒப்பந்தம் செய்தபின் கப்பலேறத் தவறியவனைத் தண்டிக்கவும் இடந்தந்தது. இவ்வாறு தொழிலாளியைக் கட்டுவதற்கு விரைந்த சட்டம் அவனைக் காப்பதற்கு முன்வரவில்லை.

1968ஆம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஹல் நகரின் மூன்று கப்பல்கள் அழிந்தன. 58 பேர் மாண்டனர். லில்லியன் பிலோக்கா என்னும் மாதின் தலைமையில் மீனவர் குடும்பப் பெண்கள் லண்டன் சென்று அமைச்சர்களிடம் முறையிட்டனர். பாதுகாப்பு விதிகள் திருந்தின. அரசாங்கம் மனம் வைத்தால் நடுக்கடலிலும் தொழிலாளியைக் காக்கலாம் என்பது புலனாயிற்று. ஆயினும் வேலையின் உறுதி பற்றிய குறை அப்படியே நின்றது.

இதற்கிடையே ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை 1958இல் 12 மைலாகவும், 1972இல் 50 மைலாகவும், 1975இல் 200 மைலாகவும் விரித்தது. பிரிட்டன் தன் போர்க்கப்பல்களை அனுப்பிப் பார்த்தது. முடிவில் 1976 ஜூன் முதல் நாள் உடன்பாட்டுக்கு இணங்கிற்று. ஆறு மாதத்தில் அவ்வுடன்பாடும் முடிந்தது. ஐஸ்லாந்துக் கடல் பிரிட்டிஷ் மீனவர்க்கு மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் பிழைப்பிழந்தனர்.

ஆட்குறைப்புக்கு ஆளானவர்க்கு ஈட்டுத்தொகை தரும் சட்டம் 1965 முதலே அந்நாட்டில் உண்டு. ஆனால் இவர்கள் தற்காலிகத் தொழிலாளர் எனக் கருதப்பட்டதால் அதன் பயனை அன்று பெறவில்லை. 1987இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பயணந்தோறும் ஒப்பந்தம் தனித்தனி என்றே முடிவு கூறிற்று. கடலை விட்டுக்கொடுத்தது அரசாங்கம். அதன் விலையைக் கொடுத்தவர் மீனவர்.

24 ஆண்டுகள் கழிந்து, 2000ஆம் ஆண்டில் அரசாங்கம் ஈட்டுத்தொகைத் திட்டம் ஒன்றை அறிவித்தது. பணிசெய்த ஓராண்டுக்கு 1,000 பவுன். உச்ச அளவு 20,000 பவுன். அதுவும் அவசரத்தில் பிழைபட வகுக்கப்பட்டதென்று நாடாளுமன்றக் குறைதீர்ப்பு அதிகாரி 2007இல் கண்டித்தார். அதற்குள் மீனவர் பலர் கண்மூடியிருந்தனர்.

தொழிலாளியின் நிலையை அவனுடைய உழைப்பு மட்டும் உறுதி செய்வதில்லை. சட்டம் அவனுக்கு இடும் பெயரும் உறுதி செய்கிறது. அப்பெயரை இடும் அதிகாரம் அரசாங்கத்தினுடையது. ஆதலின் அதன் விளைவுக்குப் பொறுப்பும் அரசாங்கத்தினுடையதே.