உருக்காலைப் புகையும் முட்டை ஓடும்

உலோகம் உருக்கும் ஆலைகளைச் சூழ்ந்த பிரதேசங்களில் பறவையோ விலங்கோ நலிந்து மடியும்போது, அதன் ஈரலையும் எலும்பையும் சோதித்து, அவற்றில் செம்போ ஈயமோ மிகுந்திருக்கக் கண்டதும் காரணம் அகப்பட்டுவிட்டதாகக் கருதுவது நெடுங்கால வழக்கம். இம்முறை பிழையன்று, ஆனால், பிராணியின் சரீரத்தில் எது சேர்ந்தது என்பதோடு, அதன் ஆகாரத்திலிருந்து எது மறைந்தது என்றும் வினவினாலன்றி உண்மை முழுதும் புலப்படாது என்பதே என் கருத்து.

பின்லாந்தின் தென்மேற்கிலுள்ள ஹார்யாவால்தா இதற்குத் தக்க சான்று. 1945 முதல் செம்பும், பின்னர் நிக்கலும் உருக்கப்பட்டுவரும் அவ்வூரின் புகைபோக்கிகள், உலோகத் துகளோடு கந்தகப் புகையையும் பைன் காடுகளின்மீது பல்லாண்டுகள் சொரிந்தன. துர்க்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாபியோ ஏவா, எசா லெஹிகோயினன் ஆகியோர், ஆலையிலிருந்து வெவ்வேறு தொலைவுகளில் கூட்டுப் பெட்டிகளை அமைத்து, அவற்றில் குடியேறிய பட்டாணிக்குருவிகளையும் ஈப்பிடிப்பான்களையும் கவனித்துவந்தனர். ஆலைக்கு அண்மையில் ஈப்பிடிப்பானின் முட்டை ஓடு மெலிந்திருந்தது. பல முட்டைகள் பொரியவில்லை. பொரித்த குஞ்சுகளிலும் சிலவற்றின் காலும் சிறகும் கோணியிருந்தன.

நாளுக்கு ஒன்றாக முட்டையிடும் இச்சிறு பறவை, ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அனைத்தையும் தன் எலும்பிலே முன்கூட்டிச் சேமித்துவைக்க வல்லதன்று. நத்தையோடு முதலியவற்றை அன்றன்று பொறுக்கி விழுங்கியே அதைப் பெறவேண்டும். கந்தக அமிலம் மண்ணின் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுபோக, உலோகமும் உடன்சேர்ந்து நத்தையினத்தை அருகச்செய்துவிட்ட காட்டில், தாய்ப்பறவை எதைத்தான் பொறுக்கும்? பட்டாணிக்குருவியின் கதியும் இத்தகையதே: அதன் மார்பின் மஞ்சள் நிறம், இலைப்புழுக்களின் வாயிலாகக் கிடைக்கும் நிறமியால் அமைவது, புழு குறைந்த இடத்தில் அந்த மஞ்சள் வெளிறிற்று.

அப்படியாயின் உலோகம் குற்றமற்றதா எனில், இல்லை. சுண்ணாம்பு குறைந்த குடல் ஈயம் போன்ற உலோகங்களை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே பஞ்சமும் விஷமும் இருவேறு காரணங்கள் அல்ல, முன்னது பின்னதற்கு வாயில் திறந்துவிடுகிறது. இவ்வாராய்ச்சியாளரே மாசுபட்ட காட்டில் சுண்ணாம்புச் சத்தை மிகுதியாகக் கிடைக்கச்செய்தபோது, ஈப்பிடிப்பான்களிடையே உலோகத்தின் கொடுமை தணிந்தது. ஈரலை மட்டுமே அளப்பவருக்கு இப்பரிசோதனை தோன்றியிருக்கவே வழியில்லை.

என் வாதத்திற்கு ஒரு தடையும் உண்டு. 1990-களில் புகை வெகுவாகக் குறைக்கப்பட்டபின், சில ஆண்டுகளிலேயே ஈப்பிடிப்பானின் இனவிருத்தி தேறியதென்று 2000-ஆம் ஆண்டு இவ்விருவரும் அறிவித்தனர். மண்ணின் சுண்ணாம்பு அத்தனை விரைவில் மீள்வதன்று. எனவே, அன்றாடம் இரைமீது படியும் புதுத் துகளின் நேரடித் தீங்கும் கணிசமானதே என்று ஒப்புக்கொள்ளவேண்டும். எனினும் தேறியது ஈப்பிடிப்பானேயன்றிக் காடன்று. பல்லாண்டுகளாகப் படிந்த செம்பும் நிக்கலும் இலைமக்கில் ஊறிக் கிடக்கின்றன. புகைபோக்கியில் வெளியேறும் துகளை நிறுத்துக் கணக்கெழுதும் அதிகாரிகள், அந்நிலத்தின் நத்தைகளையும் எண்ணவேண்டுமென்று விதி ஏற்படாதவரை, அவர்களுடைய கணக்கில் இக்காடு குணமடைந்ததாகவே காணப்படும்.